ராதையின் பிள்ளை!

நான் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். மூத்தவள் விட்டுச் சென்ற 2 வயசுப் பெண்ணை, என் மகளாகவே வளர்த்தேன். இப்போது அவளுக்கு 10 வயது. போன மாதம், ஒரு கல்யாண வீட்டில் உறவுக்கார அம்மாள் ஒருவர், 'இவ உன்னைப் பெத்தவ இல்லடி...' என்று அவளிடம் போட்டு உடைத்து விட்டார். வீடு திரும்பியவள் சாப்பிடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றிரவு, கர்ணன் கதை சொன்னேன். பெற்றவள் குந்தி என்று தெரிந்தும், ராஜ்ஜியமே கிடைக்கும் என்று கண்ணன் அழைத்தும், வளர்த்த ராதையை அவன் விட்டுக் கொடுக்காததையும், மகாபாரதத்தில் அவனுக்கு, 'ராதேயன்' என்றே பெயர் இருப்பதையும் சொன்னேன்.

'குந்தி பாவம்மா... ஆனா, ராதை தாம்மா அம்மா' என்று கட்டிக் கொண்டாள்.

தோழிகளே... உண்மையை நானே முன்கூட்டி, பக்குவமாகச் சொல்லியிருக்க வேணும். நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீங்க!

– ஒரு வாசகி, மதுரை.