மல்லுக்கட்ட ஆசையா? முதல்ல ‘தட்ட’ கத்துக்கணும்!

பிரேசில் ஜூஜிட்சு: புதுசா சேருறவங்களுக்கு அ முதல் ஃ வரை

செங்கல்பட்டு: கழுத்தில் ஒரு பிடி. பத்தே நொடியில் மலை மாதிரி இருந்த ஆள் மல்லாந்து கிடக்கிறான். செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு வீடியோவாவது கண்ணில் படுகிறது. அந்தப் பிடிக்குப் பின்னால் இருக்கிற வித்தைதான் பிரேசில் ஜூஜிட்சு. ‘நாமளும் கத்துக்கிட்டா என்ன?’ என்று செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்து இளவட்டங்களுக்கும் ஆசை வருவது சகஜம்தான்.

ஆனால் வீடியோவில் வராத விஷயம் ஒன்று உண்டு. இந்த வித்தையில் முதல் பாடம் அடிப்பது இல்லை, பிடிப்பதும் இல்லை. ‘தோத்துட்டேன்’ என்று ஒத்துக்கொள்வதுதான். அது தெரியாமல் இறங்கினால் கை போகும், கால் போகும், உயிருக்கே ஆபத்தாகும்.

குத்து கிடையாது, உதை கிடையாது

கராத்தே, குத்துச்சண்டை மாதிரி இதில் அடி, உதை இல்லை. எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளி, தரையில் அமுக்கி, கை மூட்டை மடக்கியோ கழுத்தை நெருக்கியோ அவரே ‘போதும்’ என்று சொல்ல வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

நம்ம ஊர் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் குளோஸ். இதில் முதுகு கீழே பட்ட பிறகுதான் ஆட்டமே சூடு பிடிக்கும். மல்லாந்து கிடப்பவன் தன் இரண்டு காலால் மேலே இருப்பவன் இடுப்பைக் கவ்விப் பிடித்தால், கீழே இருந்தே ஜெயிக்கலாம். ஒல்லியான ஆள் தடியான ஆளைச் சமாளிக்க முடிவது இதனால்தான்.

ஊர் பேரிலேயே மல்லன்

மல்லுக்கட்டு நமக்குப் புதுசு இல்லை. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு ‘மாமல்லன்’ என்று பட்டப்பெயர். பெரிய மல்லன் என்று அர்த்தம். அந்தப் பெயரில்தான் மாமல்லபுரம் இருக்கிறது என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து.

அதற்கும் முந்தைய சங்க காலத்தில், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு மோதி வீழ்த்தியதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு காலை எதிராளியின் மார்பில் அழுத்தி, இன்னொரு காலால் அவன் தந்திரத்தைத் தடுத்தானாம் சோழன். இன்றைக்கு ஜூஜிட்சு போட்டியில் எதிராளியின் வயிற்றில் முழங்காலை ஊன்றி அமுக்கினால் 2 பாயிண்ட். பாட்டைப் படித்தால் ஏறக்குறைய அதே காட்சிதான் கண்ணுக்குத் தெரிகிறது!

ஜப்பானில் இருந்து பிரேசிலுக்கு

ஜப்பானில் பழைய ஜூஜிட்சு வித்தைகளை ஒழுங்குபடுத்தி 1882-ல் ஜிகோரோ கானோ உருவாக்கியது ஜூடோ. அந்த ஜூடோ பயின்ற மிட்சுயோ மயேடா என்பவர் 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், அவர் தம்பி எலியோ கிரேசியும் தரைப் பிடிகளை மட்டும் தனியாகத் தீட்டித் தீட்டி உருவாக்கியதுதான் பிரேசில் ஜூஜிட்சு.

உலகத்துக்கே இது தெரிய வந்தது 1993 நவம்பரில். அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி இறங்கினார். எடை சுமார் 80 கிலோதான். ஒரே ராத்திரியில் 3 பேரைப் பணிய வைத்துப் பட்டத்தைத் தூக்கினார். ‘எப்படிப்பா இது?’ என்று அப்போது வாய் பிளந்தவர்கள்தான் பிறகு பயிற்சிக் கூடங்களைத் தேடி ஓடினார்கள்.

தட்டினா விடணும்... விட்டா பிழைக்கலாம்

ஜூஜிட்சுவின் உயிர்நாடி ‘டேப்’. அதாவது தட்டுவது. பிடி இறுகுகிறது, தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். கை சிக்கிக்கொண்டால் காலால் தட்டலாம். அதுவும் முடியாவிட்டால் வாயால் ‘டேப்’ என்று கத்தலாம். சத்தம் கேட்ட அந்த நொடியே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

வலித்த பிறகு தட்டலாம் என்று காத்திருக்கக் கூடாது. கழுத்துப் பிடியில் பெரும்பாலும் மூச்சுக்குழாய் நெரிவதில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள்தான் அமுங்குகின்றன. வலியே தெரியாமல் 10 நொடிக்குள் மயக்கம் வந்துவிடும். அப்போதும் பிடியை விடாவிட்டால் மூளை பாதிக்கும், உயிரே போகலாம். குதிகாலைப் பிடித்து முறுக்கும் பிடி இன்னும் மோசம். வலி தெரிவதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிடும். அதனால்தான் வெள்ளை பெல்ட்காரர்களுக்கு அந்தப் பிடி போட்டிகளில் தடை.

தட்டாமல் வீம்பு பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எலியோ கிரேசியே சாட்சி. 1951 அக்டோபரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் ஜப்பான் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு மோதினார். 2-வது ரவுண்டில் கிமுரா அவர் கையை முதுகுப் பக்கம் முறுக்கினார். எலியோ தட்டவே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் கார்லோஸ்தான் டவலை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். எலியோவின் கை அதற்குள் முறிந்துவிட்டது என்கிறார்கள். அந்தப் பிடிக்கு இன்றைக்கும் ‘கிமுரா’ என்றுதான் பெயர்.

எலியோ வாழ்ந்தது மல்லுக்கட்டால். செங்கல்பட்டில் ஆட்டோ ஓட்டுபவரோ, மாமல்லபுரத்தில் சிற்ப உளி பிடிப்பவரோ, கோவளத்தில் வலை இழுப்பவரோ கையை ஒடித்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் வேலைக்குப் போகணும். அதனால் தட்டுவது கோழைத்தனம் இல்லை, புத்திசாலித்தனம்.

செல்போனைப் பார்த்து பீச் மணலில் நண்பன் கழுத்தைப் பிடித்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் கழுத்துப் பிடி போடக் கூடாது.

முதல் நாள் என்ன நடக்கும்?

முதலில் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி. அதில் இறால் மாதிரி உடம்பை மடக்கி இடுப்பைப் பின்னால் இழுத்து நகரச் சொல்வார்கள். அதற்குப் பேரே ‘ஷ்ரிம்ப்’, அதாவது இறால்தான்! நம்ம கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், மேலே ஒருவர் ஏறி உட்கார்ந்தால் காப்பாற்றப் போவது இந்த அசைவுதான்.

அடுத்து மாஸ்டர் ஒன்றிரண்டு பிடிகளைக் காட்டுவார். ஜோடி சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் ‘ரோலிங்’. சில நிமிடங்கள் நிஜமாகவே மல்லுக்கட்டுவது. முதல் நாளே ரோலிங்கில் இறக்கிவிடாமல், சில வாரம் பொறுக்க வைக்கும் கூடங்களும் உண்டு. அது நல்லதுதான்.

முதல் 6 மாசம் நொந்து போவீங்க

உங்களில் பாதி எடை இருக்கும் பையன் உங்களை அமுக்கி உட்காருவான். மூச்சு வாங்கும். ஒரே வகுப்பில் பத்து தடவை தட்ட வேண்டி வரும். ‘இது நமக்கு சரிப்பட்டு வராது’ என்று பாதிப் பேர் கழன்றுகொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

2022-ல் மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். ஜூஜிட்சுவையும் உடம்பால் ஆடும் செஸ் என்பார்கள். காய் நகர்த்தத் தெரியாமல் செக்மேட் வைக்க முடியுமா? அதே மாதிரிதான் இங்கேயும். புதியவர்கள் கவனிக்க வேண்டியது இந்த வரிசை:

* முதலில் தப்பிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேலே ஏறி உட்கார்ந்தவனிடமும், முதுகில் தொற்றிக்கொண்டவனிடமும் இருந்து மீளத் தெரிந்தால் பயம் போய்விடும்.

* அடுத்து இடம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டியில் எதிராளியைக் கீழே தள்ளினால் 2 பாயிண்ட். கால் வளையத்தைத் தாண்டிப் போனால் 3. நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. எந்த இடம் பலமான இடம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

* கடைசியாகத்தான் முடிக்கும் பிடிகள். அவசரப்படக் கூடாது.

* பலத்தைக் காட்டாதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் 2 நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும்.

வாரம் 2 அல்லது 3 நாள் போதும். ஒரு மாதம் தினமும் போய்விட்டு நின்றுவிடுபவரை விட, வாரம் 2 நாள் விடாமல் வருபவர்தான் தேறுவார். ‘யாரை ஜெயிச்சேன்’ என்று கணக்குப் பார்க்காமல், ‘போன மாசம் 1 நிமிஷத்துல தட்டினேன், இப்ப 3 நிமிஷம் தாக்குப்பிடிக்கிறேன்’ என்று பாருங்கள். அதுதான் முன்னேற்றம்.

பெல்ட் கணக்கு

பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பிரவுன், கருப்பு என 5 பெல்ட். கருப்புக்கு முந்தைய ஒவ்வொரு பெல்ட்டிலும் 4 பட்டைகள் வரை ஒட்டுவார்கள். நீல பெல்ட் வாங்க 16 வயதாவது ஆக வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி எடுப்பவருக்கு அது கிடைக்கவே ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். சர்வதேச கூட்டமைப்பின் பொதுவான விதிப்படி நீலத்தில் குறைந்தது 2 வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், பிரவுனில் ஒரு வருடம் இருக்க வேண்டும். கருப்பு பெல்ட்டுக்கு 19 வயது நிரம்ப வேண்டும். சாதாரணமாக அது வாங்க 10 வருடம் ஆகிவிடும்.

‘ஒரு வருஷத்துல பிளாக் பெல்ட், கேரண்டி!’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படர்தாமரை உஷார்!

உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டு. நம்ம கடலோரப் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம், படர்தாமரை சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வகுப்புக்கும் துவைத்துக் காய்ந்த உடை, வெட்டிய நகம், முடிந்த கையோடு குளியல். இந்த மூன்றும் கட்டாயம். செருப்போடு மேட்டில் ஏறக் கூடாது. வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்விட்டு வந்து மேட்டில் மிதிக்கவும் கூடாது. தோலில் அரிப்பு, வட்ட வட்டமாகத் தடிப்பு தெரிந்தால் குணமாகும் வரை லீவு போட்டுவிடுங்கள்.

‘கி’ என்கிற தடித்த கோட்டு உடைக்குச் சில ஆயிரம் செலவாகும். முதல் நாளே வாங்க வேண்டாம். ‘கி’ இல்லாமல் நடக்கும் வகுப்பில் இறுக்கமான டி-ஷர்ட், ஜிப்பும் பாக்கெட்டும் இல்லாத அரைக்கால் சட்டை போதும். மோதிரம், செயின், தோடு, அரைஞாண் எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். கழுத்து வலி, முதுகு வலி, இதயக் கோளாறு, வலிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சேரக் கூடாது.

நல்ல இடம் எது?

* பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க விட வேண்டும்.

* மாஸ்டர் யாரிடம் பெல்ட் வாங்கினார் என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் மழுப்ப மாட்டார்.

* தட்டியதும் விடுகிறார்களா என்று கவனியுங்கள். சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்குபவன் இருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்காதீர்கள்.

* பெண்களும் சிறுவர்களும் இருந்தால், ‘இவரோட ஜோடி வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும். மகளையோ மகனையோ சேர்ப்பவர்கள் வகுப்பு நேரத்தில் திடீரென்று போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை. அதற்குத் தடை போடும் கூடம் வேண்டாம்.

* பெல்ட் காட்டினாலே அரசு வேலை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கணக்கில் வருவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்தான்.

பக்கத்துல கிடைக்கலையா?

ஜூஜிட்சு கூடங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். செங்கல்பட்டுக்காரர்களுக்கு மின்சார ரெயில் இருக்கிறது, மாமல்லபுரத்துக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். பஸ்தான். சம்பளத்தில் பஸ் காசுக்கும் பீஸுக்கும் கட்டுப்படி ஆகாதவர்கள் ஜூடோவில் ஆரம்பிக்கலாம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலேயே ஜூடோ இருக்கிறது. 1964-லேயே ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது. ஜூஜிட்சு இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டில் 2018 ஜகார்த்தாவில்தான் முதல்முறையாக நுழைந்தது.

கண் பார்வை இல்லாதவர்களும் இந்த வித்தையில் சாதிக்கலாம். 2024 பாரீஸ் பாராலிம்பிக்கில் மத்திய பிரதேசத்தைச் சேர்ந்த பார்வைக் குறைபாடு உள்ள கபில் பர்மார் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ஜூடோவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பாராலிம்பிக் பதக்கம். சட்டையைப் பிடித்த கையிலேயே எதிராளியின் அசைவு தெரிந்துவிடும், அதுதான் சூட்சுமம்.

அலைச்சறுக்கும் ஒரு காலத்தில் இங்கே ‘வெள்ளைக்காரன் விளையாட்டு’தான். இப்போது கோவளம், மாமல்லபுரம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அதில் கில்லி. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு போட்டியே மாமல்லபுரத்தில் நடந்து, இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். பலகையில் நிற்பதற்கு முன் ஆயிரம் தடவை தண்ணீரில் விழுந்துதான் எழுந்திருப்பார்கள்.

இதுவும் அப்படித்தான். சேர்ந்த அன்றைக்கு வீட்டில் ‘எத்தனை பேரை அடிச்சே?’ என்று கேட்பார்கள். ‘பத்து தடவை தட்டினேன், உடம்பு பத்திரமா இருக்கு, நாளன்னைக்கு மறுபடி போறேன்’ என்று சொல்ல முடிந்தால் போதும். முதல் பாடம் பாஸ்!