பழைய பிக்கப்பைத் தாழ்த்தினா மட்டும் போதாது... உயரத்தைச் சரிபண்ணும் கணக்கு தெரியுமா?

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. 1980-கள் காலத்து டொயோட்டா, நிஸான், மாஸ்டா பிக்கப் ஒண்ணு, தரையைத் தொட்டும் தொடாமலும் கலிஃபோர்னியா ரோட்டில் மெதுவாக ஊர்ந்து போகும். அமெரிக்காவில் இதை 'மினி டிரக்' கலாசாரம் என்கிறார்கள். பார்க்க செம கெத்து. ஆனால், அந்த வண்டி பிரேக் அடித்தால் நேராக நிற்குமா, ஒரு பக்கம் இழுக்குமா என்பது ரீல்ஸில் தெரியாது. அதைத் தீர்மானிப்பது உயரத்தை சரியாக அட்ஜஸ்ட் செய்யும் வேலைதான்.

இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு சட்டப் போராட்டமும் உண்டு. வீல் ரிம்மின் அடிப்பகுதியைவிட வண்டியின் எந்தப் பாகமும் கீழே இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1950-களின் இறுதியிலேயே சட்டம் வந்தது. அதைச் சமாளிக்கத்தான் நினைத்தபோது ஏற்றி, நினைத்தபோது இறக்கும் ஹைட்ராலிக் முறையை லோரைடர் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில்தான் அந்தத் தடை விலகியது. ஆக, அங்கே சட்டம் இப்போது தடுப்பதில்லை. ஆனால் இயற்பியல் தடுக்குமே!

முதலில் டேப்பை எடுங்க, ஸ்பேனர் அப்புறம்!

'வண்டி இடது பக்கம் சாயுது' என்று சொல்பவர்களில் பலர் அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சமதளமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கணும். டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு, பின்னால் என்ன லோடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, ரெண்டு மூணு முறை அமுக்கி விடுங்கள். ஜாக்கியில் இருந்து இறக்கியதும் டயர்கள் கொஞ்சம் உள்வாங்கி நிற்கும். அப்போது எடுக்கும் அளவு பொய்.

வீலின் நடுப்புள்ளியில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். பழைய வண்டியில் மட்கார்டே கோணலாக இருக்கலாம். அதனால், தரையில் இருந்து சேஸ் எவ்வளவு உயரம் என்பதையும் நாலு இடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

சாய்வுக்கு யார் காரணம்?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவாங்க. முன்பக்கம் இடது மூலை தாழ்ந்து இருந்தால், தப்பு அங்கேதான் என்று அர்த்தமில்லை. பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் மொத்த வண்டியும் சாயும்.

ஒரு எளிய சோதனை: முன்பக்க குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஜாக்கி வைத்து லேசாகத் தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது. வண்டி எப்படி சாயணும் என்பதைப் பின்பக்க ஸ்பிரிங்குகள்தான் முடிவு செய்யும். சாய்வு அப்படியே இருந்தால் குற்றவாளி பின்னால். நிமிர்ந்துவிட்டால் முன்னால். சோதனை நடக்கும்போது வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

பின்னால் இருக்கும் கோளாறை மறைக்க முன்பக்கத்தைத் திருகினால் வண்டி பார்க்க நேராகிவிடும். ஆனால் எடை குறுக்காக ஏறி, ஒரு மூலை டயர் அதிகமாகவும் பக்கத்து மூலை குறைவாகவும் சுமக்கும். மழையில் பிரேக் அடிக்கும்போது அது காட்டிக்கொடுக்கும். அதனால் பின்பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

பின்பக்கம்: கட்டை வைப்பதா, புரட்டுவதா?

பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கடுக்கான இரும்புத் தகடுகள். ஆக்சில் தகடுகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில், இரண்டுக்கும் நடுவே 'பிளாக்' எனும் இரும்புக் கட்டை வைத்தால் வண்டி இறங்கும். ஆக்சில் கீழே இருந்தால், அதை மேலே கொண்டுவரும் 'ஃபிளிப் கிட்' தேவை. ரொம்ப இறக்கினால் பள்ளத்தில் விழும்போது ஆக்சில் போய் சேஸில் மோதும். அதற்காகத்தான் சேஸை வளைவாக வெட்டி, பலப்படுத்தி வெல்டிங் செய்கிறார்கள். தகடுகள் வயசாகித் தளர்ந்திருந்தால் கட்டையின் அளவை மாற்றி ஒட்டுப்போடாதீங்க. ரெண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவதுதான் தீர்வு.

முன்பக்கம்: முறுக்கும் கம்பியின் ரகசியம்

இந்த மினி டிரக்குகள் பலவற்றில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. 'டார்ஷன் பார்' எனும் நீளமான இரும்புக் கம்பி இருக்கும். ஒரு முனை வீலைத் தாங்கும் கையோடும், மறுமுனை சேஸோடும் இணைந்திருக்கும். வீல் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். சேஸ் பக்கம் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் வண்டி எழும்பும், தளர்த்தினால் இறங்கும்.

'போல்ட்டை இறுக்கினால் சஸ்பென்ஷன் ஸ்டிஃப் ஆகும்' என்பது பரவலான நம்பிக்கை. கம்பி அதே கம்பிதான். அதன் விறைப்பு மாறாது, நிற்கும் உயரம்தான் மாறும். இறக்கிய பிறகு வண்டி கட்டாந்தரையில் போவதுபோல குதித்தால், அதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: வீலைத் தாங்கும் கை ஏற்கெனவே ரப்பர் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குழியும் நேராக சேஸுக்குப் போகும்.

வேலை ஆரம்பிக்கும் முன் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, போட்டோ எடுத்துவையுங்கள். வண்டியைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, வீலில் எடை இல்லாதபோது மட்டும் திருகுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பிறகு இறக்கி, உருட்டி, மறுபடி அளங்கள். ரெண்டு பக்கமும் கால் இன்ச் வித்தியாசத்துக்குள் வந்தால் போதும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போவது உயிரோடு விளையாட்டு. முறுக்கிய கம்பியிலும் பெரிய விசை அடங்கியிருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

உயரம் வந்தாச்சு... வேலை முடியல!

பிரேக்: பல டொயோட்டா பிக்கப்களில், பின்னால் எவ்வளவு லோடு என்று பார்த்து பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. சேஸ் ஆக்சிலை நெருங்கினால் 'லோடு ஏறியிருக்கு' என்று அது நினைத்துக்கொள்ளும். தாழ்த்திய வண்டியில் காலி பெட்டியோடு போனாலும் அப்படியே நினைக்கும். விளைவு, திடீர் பிரேக்கில் பின் வீல்கள் லாக் ஆகி வண்டி வழுக்கும். புது உயரத்துக்கு ஏற்ப இதை அட்ஜஸ்ட் செய்வது கட்டாயம்.

அலைன்மென்ட்: உயரம் மாறினால் வீலின் கோணமும் மாறும். அப்படியே ஓட்டினால் புது டயரின் ஒரு ஓரம் மட்டும் சீக்கிரமே வழுக்கையாகும். உயரத்தை இறுதி செய்த பிறகுதான் அலைன்மென்ட். முன்னாடி செய்தால் காசு தண்டம்.

ரப்பர் புஷ்: இதன் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும்.

ஹெட்லைட்: பின்பக்கம் அதிகமாக இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதையும் திருத்துங்கள்.

நம்ம ஊரில் இதைச் செய்யலாமா என்று யோசிக்கிறீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்களுக்கும் கம்பெனி நிர்ணயித்ததற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.டி.ஓ-வில் விசாரித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் காலி ரோட்டில் மெதுவான வேகத்தில் ஒரு பிரேக் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுசாக ரெண்டு பக்கமும் திருப்பி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று கவனியுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி டேப் எடுத்து அளங்கள். அளவு மாறாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.