பன்னிரண்டாம் பிரிவு: வாக்கெடுப்புக்கு வராத கட்டளை

டித்வா புயலையடுத்து 2025 நவம்பர் 28ஆம் திகதி பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலையின் ஒரு மாத ஆயுள் முடியும் நாள் நெருங்கியபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வந்த வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் வெவ்வேறு சொற்களில் வெளிப்பட்டது. அவசரகாலச் சட்டம் 2011இலேயே நீங்கிவிட்டதென்றால் அதன் பின்னரும் வீதிச் சோதனையில் இராணுவம் நின்றது எந்த அதிகாரத்தில், புயலுக்காக வந்த பிரகடனம் முடிந்தால் அந்த அதிகாரமும் சேர்ந்து முடியுமா, இவற்றையெல்லாம் பாராளுமன்றம் எப்போதாவது கேள்விக்கு உட்படுத்துகிறதா என்பவையே அக்கடிதங்களின் சாரம்.

குழப்பத்துக்குக் காரணம் வாசகர்களின் அறியாமை அன்று. தன்மையில் முற்றிலும் வேறுபட்ட இரு கருவிகளை 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்ற ஒரே சட்டம் தன்னுள் வைத்திருப்பதே காரணம். அவ்வாண்டின் பொது வேலைநிறுத்தத்தை எதிர்கொள்வதற்காகக் குடியேற்ற அரசு சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன் அவசரமாக இயற்றிய அச்சட்டத்தை, அதன் பின்னர் வந்த எந்த அரசாங்கமும் கைவிட விரும்பவில்லை.

முதலாவது கருவி அவசரகாலப் பிரகடனம். அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரையின்படி ஜனாதிபதியின் பிரகடனம் ஒரு மாதத்துக்குச் செல்லுபடியாகும் எனினும், 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அதனை அங்கீகரிக்காவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிடும். அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மேவவோ இடைநிறுத்தவோ வல்ல ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரம் இதன் கீழ் ஜனாதிபதிக்குக் கிடைப்பதால், அந்த 14 நாட் காலக்கெடுவே சட்டவாக்க சபையின் கையில் எஞ்சியிருக்கும் உண்மையான கடிவாளம் எனலாம்.

அக்கடிவாளம் வேலை செய்ததற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 2001 ஜூலையில் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்திருந்ததால் நீடிப்புக்கு வாக்குகள் இன்றி அவசரகாலம் காலாவதியாகியது. 2022 ஏப்ரல் 1ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ பிறப்பித்த பிரகடனம் வாக்கெடுப்பில் தோற்கும் என்பது தெளிவானதும் ஏப்ரல் 5ஆம் திகதி நள்ளிரவில் மீளப்பெறப்பட்டது. மே 6ஆம் திகதி அவர் பிறப்பித்த இரண்டாவது பிரகடனம் சபைக்கே கொண்டுவரப்படாமல் 14 நாட்களில் செத்துப்போனது. ஆனால் அரசாங்கத்திடம் பெரும்பான்மை இருக்கும் காலத்தில் இதே வாக்கெடுப்பு வெறும் சடங்காகிவிடுவதையும் மறைப்பதற்கில்லை. பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்ரமசிங்க 2022 ஜூலை 17ஆம் திகதி கொண்டுவந்த அவசரகாலத்தைப் பாராளுமன்றம் 120க்கு 63 என்ற வாக்குகளால் அங்கீகரித்தது. அதே நடவடிக்கை அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பாக அறிவித்தது. சபையின் பெரும்பான்மை காணத் தவறிய குறையை நீதிமன்றம் கண்டுகொள்வதற்கு மூன்று ஆண்டுகள் சென்றன. முன்னர் அவசரகாலம் நீண்டுகொண்டே சென்றால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவை என்றொரு நிபந்தனையும் இருந்தது; 1986ஆம் ஆண்டின் பத்தாவது திருத்தம் அதனை நீக்கிவிட்டது.

வன்னி வாசகர்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது கருவியையே. கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் பகுதி 1959இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. அதில் வரும் 12ஆம் பிரிவு, ஒரு பிரதேசத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஆபத்து தோன்றியிருந்தாலோ தோன்றும் நிலையில் இருந்தாலோ, அதனைச் சமாளிக்கப் பொலிசார் போதாது என்று ஜனாதிபதி கருதினால், வர்த்தமானியில் ஒரு கட்டளையை வெளியிட்டு ஆயுதப் படையினரைப் பொது ஒழுங்கைப் பேணுவதற்கு அழைக்கலாம் என்கிறது. இவ்வாறு அழைக்கப்படும் படையினருக்குச் சோதனையிடுதல், கைது செய்தல் உள்ளிட்ட பொலிஸ் அதிகாரங்கள் கிடைக்கின்றன. இதற்கு அவசரகாலப் பிரகடனம் எதுவும் முன்நிபந்தனை அன்று. கட்டளையின் ஆயுள் ஒரு மாதம் மட்டுமே என்று சட்டம் சொல்வது பார்வைக்கு ஒரு கட்டுப்பாடாகத் தோன்றினும், அந்த மாதம் முடியும்போதோ அதற்கு முன்னரோ இன்னொரு கட்டளையை வெளியிடத் தடையில்லை என்று அதே பிரிவு அடுத்த மூச்சில் சொல்லிவிடுகிறது.

இங்கே பாராளுமன்றத்தின் பங்கு என்னவெனில், கட்டளை வெளியிடப்பட்ட செய்தி அதற்கு அறிவிக்கப்படும், அவ்வளவே. சபையில் வாசிக்கப்படும் அந்த அறிவிப்பு ஹன்சார்ட்டில் சில வரிகளாகப் பதிவாகிறது. அங்கீகாரத் தீர்மானமும் 14 நாட் காலக்கெடுவும் அதற்கில்லை. வாக்கெடுப்பு இல்லாத இடத்தில் அமைச்சர் எழுந்து காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் அதை மறுத்துப் பேசுவதற்கான விவாதமும் தானாக எழுவதில்லை. பரிசீலனை என்ற சொல்லுக்குரிய அனைத்தும், அதாவது கேட்பதும் பதில் பெறுவதும் மறுப்பதும், ‘அங்கீகாரத் தீர்மானம்’ என்ற ஒரு சொற்றொடரின் இன்மையால் நழுவிப்போகின்றன. சட்டம் வரைந்தவர்கள் இதனைத் தற்காலிகத் தேவைக்கான சிறு ஏற்பாடாகக் கருதியிருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. 2011 ஆகஸ்டில் அவசரகாலம் நீங்கியபோது அது உலகுக்கு ஒரு சாதனையாக அறிவிக்கப்பட, மஹிந்த ராஜபக்ஷ மாதந்தோறும் 12ஆம் பிரிவுக் கட்டளைகளை வெளியிட்டு எல்லா மாவட்டங்களுக்கும் படையினரை அழைத்துக்கொண்டிருந்தார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் வந்த அவசரகாலம் 2019 ஆகஸ்ட் 22ஆம் திகதி முடிவுற்றபோதும் மைத்திரிபால சிறிசேன இதே பிரிவை நாடினார். கோட்டாபயவும் ரணிலும் அதைத் தொடர்ந்தனர். முறைமை மாற்றம் என்ற வாக்குறுதியுடன் 2024 செப்டெம்பரில் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்கவின் ஆட்சியிலும் அக்கட்டளை வெளியாகியிருக்கிறது. அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் அனைவரும் உடன்பட்ட ஏற்பாடுகள் இலங்கையில் அதிகமில்லை.

இக்கட்டளைகளின் அட்டவணையில் 25 நிர்வாக மாவட்டங்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. கொழும்பு முதல் முல்லைத்தீவு வரை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரே நேரத்தில், அதுவும் மாதத்துக்கு மாதம், பொலிசார் போதாமற் போகிறார்கள் என்பதே இதன் சட்டப் பொருள். அது மெய்யெனில் பொலிஸ் திணைக்களத்தைப் பற்றித்தான் பாராளுமன்றம் முதலில் விசாரிக்க வேண்டும். பொய்யெனில் சட்டம் கேட்கும் ‘கருத்து’ என்ற நிபந்தனை அச்சுப்படிவத்தின் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது என்று பொருள். ‘வழமையான நடைமுறை’ என்பது உத்தியோகபூர்வ விளக்கமாக இருக்கலாம். ஆனால் விதிவிலக்காக எழுதப்பட்ட அதிகாரம் வழமையாகிவிட்டது என்பதே இங்குள்ள முறைப்பாடு என்பதால், அவ்விளக்கம் முறைப்பாட்டை ஒப்புக்கொள்வதாகவே அமைகிறது.

காகிதத்தில் எல்லா மாவட்டங்களும் சமமெனினும் நிலத்தில் அவ்வாறில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இராணுவத் தலைமையகங்கள் அமைந்திருக்க, கேப்பாப்புலவு மக்கள் தம் காணிகளுக்காக 2017இல் வீதியோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கிய வரலாறும், வடக்குக் கிழக்கின் படைப் பிரசன்னத்தைக் கண்டித்து 2025 ஆகஸ்ட் 18ஆம் திகதி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் இப்பிரதேசத்துக்கே உரியவை. அதே படையினர் வெள்ளத்தில் மக்களை மீட்டதும், சுண்டிக்குளம் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் பணியில் கடற்படையினர் ஐவர் உயிரிழந்ததும் மறுக்க முடியாத உண்மைகள். ஆனால் மீட்புப் பணிக்குக் கைது செய்யும் அதிகாரம் தேவைப்படுவதில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டிருக்க, அதற்கும் 6 ஆசனங்கள். 225 பேர் கொண்ட சபையில் இந்தப் பன்னிருவர் வாக்கெடுப்பில் தோற்பது உறுதியெனினும், விவாதம் நடந்தால் அரசாங்கம் பதிவேட்டில் ஒரு விடையையேனும் விட்டுச்செல்ல வேண்டியிருக்கும்.

பிற நாடுகளுடன் ஒப்பிட்டால், இந்தியாவில் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் ஒரு பகுதியைக் ‘குழப்பமான பகுதி’ என அறிவிப்பதற்கும் பாராளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. எனினும் அவ்வறிவிப்பை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997இல் கூறியது. பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் அவசரகால ஒழுங்குவிதிகள் இரு சபைகளிலும் 7 நாட்களுக்குள் அங்கீகாரம் பெறாவிட்டால் இல்லாதொழியும்.

12ஆம் பிரிவுக் கட்டளைகளுக்குப் பாராளுமன்றப் பரிசீலனை இல்லாத குறையைத் தெரிவுக்குழுக்களால் ஈடுசெய்ய முடியுமா என்றும் சிலர் கேட்டிருக்கின்றனர். ஓரளவுக்கு முடியும். பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறியின் தலைமையில் 2019இல் இயங்கிய உயிர்த்த ஞாயிறுத் தெரிவுக்குழு, ஜனாதிபதியின் வெளிப்படையான எதிர்ப்பையும் மீறிப் பாதுகாப்பு உயரதிகாரிகளைச் சாட்சியமளிக்க வைத்து, தேசிய பாதுகாப்புச் சபை எவ்வளவு சீர்குலைந்திருந்தது என்பதை வெளிக்கொணர்ந்தது. ஆயினும் அது இழப்பு நிகழ்ந்த பின்னர் நடந்த விசாரணை. மாதாந்தக் கட்டளைகளை முன்கூட்டியே ஆராயும் பொறுப்பு எதுவும் அதனிடம் இருக்கவில்லை.

எஞ்சிய கேள்விகளுக்கான விடைகள் சுருக்கமானவை.

அவசரகாலம் முடிந்தால் 12ஆம் பிரிவுக் கட்டளையும் முடியுமா? முடியாது, இரண்டும் தனித்தனியாகப் பிறந்து தனித்தனியாக முடிபவை.

கட்டளை நின்றால் முகாம்கள் அகலுமா? அகலா; முகாம்கள் காணி தொடர்பான வேறு பிரச்சினை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் மாதாந்தப் புதுப்பிப்பு உண்டா? இல்லை, 1979இல் மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

புயலுக்கு வேறு சட்டம் இருக்கவில்லையா? 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டம் இருந்தது, அதன் தேசிய சபையில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் இடமுண்டு. அதைவிட்டுப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஏன் என்ற வினாவை எழுப்பியவர்கள் பலர்.

கட்டளைகளை எங்கே பார்க்கலாம்? அதிவிசேட வர்த்தமானிகள் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கின்றன. முதற் பக்கத்தில் காரணமும் அட்டவணையில் மாவட்டங்களின் பெயர்களும் இருக்கும்.