உயிர்க்காற்று – 11: கொல்லும் மூச்சு

செல்லுக்குள் நடக்கும் சுவாசத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அது நின்றுபோனால் என்னவாகும் என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலை நம் ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த அமிலம் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கையாளும் கடைசி நொதியை முடக்கும். அதன்பிறகு நுரையீரல் எவ்வளவு காற்றை இழுத்தாலும் செல்லுக்குப் பிரயோசனமில்லை. பார்வை நரம்பு இந்தப் பஞ்சத்தைத் தாங்காது. கண் மங்குவது அதனால்தான். சயனைடு தாக்குவதும் இதே நொதியைத்தான்.

சயனைடை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1933-ல் பால்ட்ரிஜ், ஜெரார்ட் என்ற இருவர் நாயின் வெள்ளையணுக்களுக்குப் பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்தார்கள். தின்னும்போது ஆக்சிஜன் செலவு மளமளவென்று ஏறியது. விழுங்குவதும் உழைப்புதானே, உழைத்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். 1959-ல் ஸ்பார்ரா, கார்னோவ்ஸ்கி என்ற இருவர் சயனைடு சேர்த்துப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா முடங்கியது, அந்த மூச்சு மட்டும் நிற்கவில்லை! அப்படியானால் அந்த ஆக்சிஜன் எங்கே போகிறது? 1961-ல் 'நேச்சர்' இதழில் ஐயர், இஸ்லாம், குவாஸ்டல் மூவரும் விடை சொன்னார்கள் (முதல் பெயர் நமக்கு அந்நியமில்லை). ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதுதான்.

வெள்ளையணு கிருமியை விழுங்கியதும் அதை ஒரு சிறு பைக்குள் அடைக்கிறது. பையின் சுவரில் இருக்கும் நொதி, குளுக்கோஸிலிருந்து வந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் மேல் ஏற்றிக் கிருமி பக்கம் தள்ளுகிறது. அந்த ஆக்சிஜன் பெராக்சைடாகி, உடம்பில் உள்ள உப்பின் குளோரைடோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இந்தக் கடைசிக் கட்டத்தை நடத்தும் நொதியின் நிறம் பச்சை. சளி பச்சையாக வருகிறதென்றால் வெள்ளையணுக்கள் அங்கே கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன என்று அர்த்தம்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தப் பையின் நொதி வேலை செய்யாது. வெள்ளையணு கிருமியை விழுங்கும், கொல்லத்தான் தெரியாது. பெரும்பாலும் ஆண் குழந்தைகள். நிணநீர்க் கட்டிகள், ஈரலில் சீழ் என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசிக்கே அக்குள் வீங்கிச் சீழ் பிடிப்பது சிலரிடம் முதல் அடையாளமாக இருக்கும்.

காசநோய்க் கிருமி வெள்ளையணுவின் இந்த ஆயுதத்தை நன்றாக அறிந்தது. நுரையீரல் காற்றறைகளில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுவுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும். பெராக்சைடு வந்தால் உடைத்துப்போட அதனிடம் கேட்டலேஸ் நொதி உண்டு. ஐசோநியாசிட் மாத்திரை அதன் கதையை அங்கேதான் முடிக்கிறது: செயலற்ற பொருளாக உள்ளே போகும் மருந்தை விஷமாக மாற்றுவது கிருமியின் அதே கேட்டலேஸ்தான். தன் கேடயத்தாலேயே சாகிறது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டிய சென்னை ஆய்வில் கொடுத்த மருந்துகளில் இதுவும் ஒன்று.

இந்தக் காவலைப் புகையும் கெடுக்கும்; அதைப் பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போவோம். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் மழை பிடித்துவிட்டால் விறகு காயாது. ஊதாங்குழலில் ஊதி, அடுத்த ஊதலுக்காக மூச்சை இழுக்கும்போது அடுப்படிப் புகை நேரே காற்றறைக்குப் போகிறது. அங்குள்ள மேக்ரோஃபேஜ் கரியையும் விழுங்கித்தான் வைக்கும், செரிக்க முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவியில் இப்படி அடுப்புப் புகையைச் சுவாசிப்பவர்களின் நுரையீரல் செல்களை எடுத்துப் பார்த்தபோது, கரி ஏற ஏற அவற்றின் கிருமி கொல்லும் மூச்சு தணிந்திருந்தது. எதிர்ப்பு சக்திக்கென்று கடையில் பவுடர் வாங்கித் தருகிறவர்கள் அடுப்படிக்கு ஒரு புகைபோக்கி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

காசநோயைத் தடுப்பதில் சாப்பாட்டுக்கும் பங்குண்டு. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் காசநோயாளியின் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் முடிவு வெளியானது.

தமிழ்நாடு அரசின் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' 2022-ல் தொடங்கியது. அதில் நோய் உறுதியானதும் பார்ப்பவை எளிமையானவை: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழா, நிமிடத்துக்கு மூச்சு 24-ஐத் தாண்டுகிறதா. தாண்டினால் படுக்கையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆளாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)