நாம் நிற்கும் மேட்டு நிலம்

சுவிட்சர்லாந்து நாட்டில் ஆல்ப்ஸ் மலையிலே ரைன், ரோன் என்னும் இரண்டு ஆறுகள் அருகருகே பிறக்கின்றன. ஒன்று வடகடலை நாடுகிறது. மற்றொன்று மத்தியதரைக் கடலை நாடுகிறது. பள்ளிப் பருவத்தில் இதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர் நம்மில் பலர். ஆனால் நாம் பயிலும் இதே பெங்களூரிலே, நாள்தோறும் பேருந்தில் கடக்கும் ஒரு மேட்டிலே, அதற்கு நிகரான விந்தை நடைபெறுவதை அறிந்தவர் சிலரே. அதனை விளங்கிக்கொள்ளக் கன்னட நாட்டின் நில அமைப்பை முதலில் சற்றே நோக்குவோம்.

1,91,791 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நாட்டை மக்கள் மூன்றாகப் பிரித்துப் பேசுவர்: கடலோரம் கராவளி; மேற்குத் தொடர்ச்சி மலை சார்ந்த பகுதி மலெநாடு; அதற்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் மேட்டுச் சமவெளி பயலுசீமே. பயலு என்றால் வெட்டவெளி. சீமை என்றதும் நமக்குக் கடல் கடந்த நாடு நினைவுக்கு வரும். சிவகங்கைச் சீமை என்று நாமும் சொல்லியவர்களே என்பதை மறந்துவிட்டோம்.

மழைதான் இப்பிரிவினையைச் செய்தது எனலாம். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதித் தன் செல்வத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெங்களூரில் 1,000 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சித்திரதுர்க்கத்தின் கிழக்கே இன்னும் வறட்சி. ஆகவேதான் மலெநாட்டில் பாக்கும் காப்பியும், பயலுசீமையில் கேழ்வரகும் சோளமும் விளைகின்றன.

பீடபூமியோ கிழக்கு நோக்கிச் சாய்ந்துள்ளது. துங்கை, பத்திரை, நேத்திராவதி மூன்றும் கங்காமூலா என்னும் ஒரே மலையில் தோன்றுவன என்பர். நேத்திராவதி மேற்கே இறங்கி மங்களூரில் கடல் சேர்கிறது. மற்ற இரண்டும் அருகிலிருக்கும் அக்கடலுக்கு முதுகு காட்டி, துங்கபத்திரையாய் இணைந்து, கிருஷ்ணையில் கலந்து, வங்கக் கடல் வரை நடக்கின்றன.

இனி நம் நகருக்கு வருவோம். ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. 1537-இல் கெம்பே கவுடர் கோட்டை கட்டிய காலம் தொட்டு இவ்வூர் ஏரிகளை நம்பியே வாழ்ந்தது. நகரின் நடுவே, வடக்கு-வடகிழக்கிலிருந்து தெற்கு-தென்மேற்காக, ஒரு மேட்டு வரம்பு ஓடுகிறது. அதன் மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து, சங்கமம் என்னுமிடத்தில் காவிரியில் சேர்கிறது. கிழக்கே விழும் மழையோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினிக்குச் செல்கிறது. பெயரைக் கேட்டு மருள வேண்டாம்; அதுதான் நம் தென்பெண்ணை! ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் கண்டு கடலூரில் கடல் புகுவது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக் கூரைகளில் விழும் துளிகளில் ஒன்று பூம்புகாருக்கும் மற்றொன்று கடலூருக்கும் பயணப்படலாம்.

ஏரிகள் போதாமற்போகவே, 1894-இல் அர்க்காவதியின் எசருகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் குடிநீர் கொணர்ந்தனர். 1974 முதல் காவிரி நீர் வருகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்கள் அதனை ஏற்றுகின்றன. நகரின் கிழக்குப் பகுதி விடுதியொன்றில் நாம் குளிக்கும் வாளித் தண்ணீர் காவிரியுடையது. குளித்தபின் சாக்கடை வழியே அது செல்வது பெண்ணைக்கு!

இந்த வரம்பு நீதிமன்றம் வரை சென்றது. நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது என்று கருதி, நடுவர் மன்றம் 2007-இல் பெங்களூரின் குடிநீர்த் தேவையைச் சுருக்கிக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. குடிநீர்த் தேவைக்குப் படுகை எல்லை தடையாகாது என்று கொண்டு, இந்நகருக்கென 4.75 டி.எம்.சி. கூட்டியது. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு மேலும் 10 டி.எம்.சி. குறைத்தது. இவ்வாறு பிலிகுண்டுலுவில் நம் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆயிற்று. தஞ்சை உழவனுக்கு இது கசப்பே. இங்கே குழாயைத் திறக்கும் நமக்கு அந்த 4.75-இல் பங்கு உண்டு என்பதும் மெய்யே. ஊர்ப் பற்றுடன் வழக்காடும் நண்பர்கள் இரண்டையும் எண்ணிப் பேசுவது நலம்.

நீரின் அளவைப் பற்றி இவ்வளவு வழக்காடுகிறோம்; அதன் தூய்மையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பெல்லந்தூர் ஏரி கழிவால் நுரைத்து, 2015-இலும் 2017-இலும் தீப்பற்றியும் எரிந்தது. அந்நுரை ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் பொங்குகிறது. அந்த அணையின் நீரே அங்குள்ள வயல்களுக்குப் பாசனம். 2018 முதல் நகரின் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். கோலார்ப் பக்கம்தான் பாலாறு பிறக்கிறது.