இயற்பியல் பட்டம்: பெயருக்காகக் கடன் படலாமா?

மலேசியாவில் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளை இயற்பியல்தான் படிப்பேன் என்கிறது. சிரம்பான் தெமியாங்கில், தோட்டத்திலிருந்து வந்து நகரில் வேரூன்றிய குடும்பம். பெயர் பெற்ற பல்கலைக்கழகமா, கைக்கு அடங்கும் செலவா? பதில் சொல்லுமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தரவரிசை எதை அளக்கிறது?

கியூ.எஸ். உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையின் 2025 பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு உலகில் 60ஆவது இடம். ஆனால் அந்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு பிற கல்வியாளர்களின் அபிப்பிராயம். 20 விழுக்காடு ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்கள். முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் கருவி வேலை செய்கிறதா என்பது அதில் இல்லை. மின்காந்தவியலும் குவாண்டம் இயக்கவியலும் எங்கு படித்தாலும் ஒன்றுதான்.

செலவு எங்கே கூடுகிறது?

அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. மிச்சச் சுமை தங்குமிடமும் சாப்பாடும்தான். பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்.முக்குச் சிரம்பானிலிருந்து நேரே கொமுட்டர் ரயில் உண்டு, யு.கே.எம். என்றே ஒரு நிலையமும் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம். பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம். தொலைவுதான், ஆனால் புவி இயற்பியலோ மருத்துவ இயற்பியலோ வேண்டுமென்றால் அந்தச் செலவு வீணல்ல.

ஒன்றில் கவனம் தேவை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அரசின் பொதுச் சேர்க்கை முறையான யு.பி.யு. வழி கிடைக்கும் இடமும் 'சாத்து' எனும் திறந்த வழி கிடைக்கும் இடமும் ஒரே விலை அல்ல. பின்னதற்குக் கட்டணம் பன்மடங்கு. பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனுக்கு ஆண்டுச் சேவைக் கட்டணம் 1 விழுக்காடுதான் என்றாலும், அசலைத் திருப்பிக் கட்டித்தானே ஆகவேண்டும்.

பெயர் எப்போது உதவும்?

இயற்பியலில் இளநிலைப் பட்டத்தோடு பலருக்குப் படிப்பு முடிவதில்லை. ஆசிரியராகவும் மருத்துவ இயற்பியலாளராகவும் மேற்படிப்பு தேவைப்படலாம். ஆய்வுக்கு முனைவர் பட்டம் வேண்டும். அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் கிடைக்கிறது. பெரிய பெயரைப் பணம் கொடுக்காமல் பெறும் கட்டம் அதுதான். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1930இல் அரசு உதவித்தொகையில்தான் கேம்பிரிட்ஜ் போனார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே இடம் ஏற்குமுன் துறையையே கேளுங்கள்: இறுதியாண்டு ஆய்வை வழிநடத்துபவர் யார்? படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தனியார் என்றால் தகுதி அங்கீகார அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் உண்டா? பதில்கள் திருப்தி தந்தால், கடன் குறைந்த இடத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். முதல் பட்டத்துக்காக அம்மாவின் நகை அடகுக்குப் போக வேண்டியதில்லை. மிச்சமாகும் பணம் பிள்ளையின் அடுத்த படிப்புக்கு ஆகட்டும்.