பிடியரிசியும் பசிப்பிணியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் முரசுமோட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் சூழ்ந்த ஊர் அது. காலபோகம், சிறுபோகம் என்னும் இரு போகங்களும் விளையும் மண். இத்தகைய ஊரைப் பசி அணுகாது என எண்ணுவது இயல்பே. எனினும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திற் போர் நெருங்கியபோது, இப்பகுதி மக்கள் வயலையும் வீட்டையும் விட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். மூடை மூடையாக நெல் அளந்த கைகள் கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தின. பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்னி மக்கள் பிறர் அனுப்பிய உணவையே நம்பிப் பல மாதங்கள் வாழ்ந்தனர். கொடுக்கும் நிலை, பெறும் நிலை ஆகிய இரண்டையும் ஒரே தலைமுறையிற் கண்டவர்கள் அவர்கள். ஆகவே, ஒரு திருச்சபைச் சமூகம் பசி தீர்க்கும் பணியை எங்ஙனம் ஆற்றுதல் வேண்டும் என்னும் வினா, அவர்களுக்கு ஏட்டளவில் எழும் வினா அன்று.

இவ்வினாவுக்கு விடை தேடும்போது முதலில் நினைவுக்கு வருவது பிடியரிசி என்னும் பழைய வழக்கமாகும். உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தபின், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வேறொரு பானையிற் சேர்த்து வைப்பர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912ஆம் ஆண்டில் தோர்ணக்கல் பேராயராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களின் காலத்தில், அங்குள்ள தெலுங்கு நாட்டு ஏழைப் பெண்கள் இம்முறையைப் பெரிதும் கைக்கொண்டனர். வடகிழக்கு இந்தியாவிலுள்ள மிசோரம் மலைநாட்டுத் திருச்சபையில் இவ்வழக்கம் 1910ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று சமையலறையிற் சேர்ந்த சிறு அரிசி, இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய் பெறுமதியுடைய காணிக்கையாகியுள்ளது.

இவ்வரிசி தொடக்கத்திற் பெரும்பாலும் திருச்சபையின் ஊழியத்துக்கே பயன்பட்டது. ஆயினும், பசி தீர்க்கும் பணிக்கு அதிலே நல்ல பாடம் உண்டு. மிச்சத்தைக் கொடுப்பவன் மிச்சம் உள்ளவரையில்தான் கொடுப்பான். பிடியரிசியோ உண்பதற்கு முன்னரே எடுத்து வைக்கப்படுவது. அதனைக் கொடுக்கச் செல்வம் வேண்டுவதில்லை. அடுப்பெரியும் வீடெல்லாம் கொடுக்கலாம். இரக்கம் மேலிட்ட ஒரு நாளில் அள்ளிக் கொடுப்பதை விட, நாள் தவறாது கிள்ளிக் கொடுப்பதே பஞ்ச காலத்தில் நின்று உதவும்.

கடல் கடந்த பசிக்கும் இவ்வழி பொருந்தும். 1960ஆம் ஆண்டின் தவக்காலத்தில், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் கத்தோலிக்கப் பெண்கள் ஒருநாட் குடும்ப நோன்பை ஏற்பாடு செய்தனர். ஒருவேளை உணவைத் தவிர்த்து மிகுத்த பணத்தை மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டொமினிக்காவின் தாய்சேய் நலப் பணிக்கு அனுப்பினர். அம்முயற்சியின் பயனாக 1962ஆம் ஆண்டிற் பிறந்த நிறுவனமே கஃபோட் என்பது. பெயரும் ஊரும் வேறாயினும், உண்ணுமுன் எடுத்து வைக்கும் பிடியரிசியின் நெறி இங்கும் விளங்கக் காணலாம்.

அன்னதானத்தில் ஓர் இடரும் மறைந்துள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, திருநெல்வேலியில் மிஷனரிமார் பலர் நிவாரணப் பணி புரிந்தனர். அப்பஞ்சத்தை அடுத்துப் பல்லாயிரவர் திருச்சபையிற் சேர்ந்தனர். அவர்களுள் உள்ளம் மாறி வந்தோர் உண்டு. எனினும், சோற்றுக்காகச் சேர்ந்தோர் என்ற பழிச்சொல்லுக்கு எல்லோருமே ஆளாயினர். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பசித்தவனுக்குக் கஞ்சி வார்ப்பது எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமை அன்று என்பதற்கு இதுவே சான்று. 1994ஆம் ஆண்டிற் செஞ்சிலுவை இயக்கத்தோடு கரித்தாஸ், உலகத் திருச்சபைகள் மன்றம் முதலிய அமைப்புகளும் கூடி ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றன. இன, மத வேறுபாடு கருதாது தேவையை மட்டும் நோக்கி உதவ வேண்டும் என்பதும், உதவியைச் சமயக் கொள்கை பரப்பும் கருவியாக்கலாகாது என்பதும் அதன் விதிகளாகும்.

மற்றோர் இடரை உழவர்கள் எளிதில் உணர்வர். நெல் அறுவடையாகும் வேளையில் வெளிநாட்டுத் தானியம் இலவசமாக வந்து குவியுமாயின், உள்ளூர் நெல்லின் விலை வீழும். பசி தீர்க்க வந்த உதவியே அடுத்த ஆண்டுப் பசிக்கு வித்தாகும். கனடாவிற் பல திருச்சபைகள் சேர்ந்து 1983ஆம் ஆண்டிற் கனேடியத் தானிய வங்கியை நிறுவின. அங்குள்ள உழவர் பலர் கூடி ஒரு நிலத்தைப் பயிரிட்டு, அதன் வருவாயைப் பசித்தோர்க்கு அளிக்கின்றனர். கனடா அரசின் உணவு உதவிக்குரிய பொருளைப் பெரும்பாலும் கனடாவிலேயே வாங்க வேண்டும் என்பது முன்னைய விதி. அவ்விதியைத் தளர்த்துமாறு கேட்டவர்களுள் அவ்வங்கியினரும் இருந்தனர். 2008ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. பசியுள்ள நாட்டுக்கு அண்மையிலேயே தானியம் வாங்கினால் செலவு குறையும். அது விரைவிற் சென்று சேரும். அங்குள்ள உழவனும் பிழைப்பான். தமது விளைபொருளுக்கு இருந்த சந்தையையும் விட்டுக்கொடுத்த அவ்வுழவரின் செயல், தானத்தினும் உயர்ந்த தானம் எனலாம்.

வன்னியிலும் கஞ்சியோடு பணி முடிந்துவிடவில்லை. மீள்குடியேறிய உழவனுக்குக் கண்ணிவெடி அகற்றிய நிலமும், விதைநெல்லும், கிணறும், உழவுக் கருவியும் தேவைப்பட்டன. கரித்தாஸ் முதலிய திருச்சபை நிறுவனங்களும் பிற அமைப்புகளும் இத்துறைகளில் உதவின. பின்னரும் சோதனைகள் தொடர்ந்தன. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கிளிநொச்சி மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடை நாடெங்கும் விளைச்சலைக் குறைத்தது. 2022ஆம் ஆண்டிற் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, இலங்கையில் ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள் போதிய உணவு கிட்டாது இடருறுவதாக ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன.

ஆகவே, வெள்ளமும் விலையேற்றமும் எவ்வாண்டிலும் வரலாம் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. தேவாலயங்களில் அறுவடைப் பண்டிகையின்போது முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டு வந்து ஏலமிடும் வழக்கம் உண்டு. அதில் ஒரு பங்கை விதைநெல்லாகச் சேமித்து, பயிர் அழிந்த உழவனுக்கு எச்சமயத்தவன் என வினவாது கடனாக வழங்கலாம். அடுத்த போகத்தில் அவன் அதனைத் திருப்பி அளக்கும்போது, அந்நெல் மற்றொருவனின் வயலுக்குச் செல்லும். அன்று பெற்றவன் இன்று கொடுப்பவன் ஆகின்றான். பசி தீர்க்கும் பணி முழுமை பெற்றதற்கு இதனினும் சிறந்த அடையாளம் வேறு வேண்டுவதில்லை.